‘தகாத உறவு’ என்ற சொல் இல்லாமல் எச்.ஐ.வி.யைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

கரைவலை | நவம்பர் 4, இரவு 8.40

டிசம்பர் 1க்கு திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில பெண்பிள்ளைகளுக்கு எயிட்ஸ் பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்கச் சொல்லி மாதர் சங்கம் கேட்டிருக்கு. 13 வயசிலிருந்து 18 வரை, அறுபது பேர் மட்டில. ஒரு மணித்தியாலம். கையில இருக்கிறது ஒரு பழைய பதாகை: எலும்பும் தோலுமா ஒரு ஆள், கீழே ‘உயிர்க்கொல்லி எயிட்ஸ்! தகாத உறவைத் தவிர்ப்போம்’. தாய்மாரும் வருவினம், அதால அதுக்கு மேல போறதுக்குத் தயக்கமா இருக்கு. பதாகையை விளக்கிப்போட்டு, கடைசியில கேள்வி இருக்கா என்டு கேட்டா போதும்தானே?

பழைய கிளினிக் | நவம்பர் 4, இரவு 10.15

போதாது தங்கச்சி. பதாகையை வீட்டில வச்சிட்டு வாங்கோ.

‘தகாத உறவு’ என்டால் 15 வயசுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? காசுக்குப் போறது, ஊர் பேர் தெரியாத ஆளோட போறது. தான் விரும்பிற பெடியன் அதுக்குள்ள வரமாட்டான். கலியாணம் பேசி மோதிரம் மாத்தினவன் வரவே மாட்டான். அப்ப அந்தப் பிள்ளை ‘இது எனக்கில்லை’ என்ட முடிவோடதான் மண்டபத்தை விட்டு வெளிக்கிடும். கிருமிக்குத் தாலியும் தெரியாது, சாதகப் பொருத்தமும் தெரியாது. சொல்ல வேண்டிய வசனம் இதுதான்: ஒருவருக்கு எச்.ஐ.வி இருந்து, அவர் மருந்து எடுக்காமல் இருந்து, ஆணுறை இல்லாமல் உடலுறவு நடந்தால் மற்றவருக்குத் தொற்றலாம். நல்ல உறவு, கெட்ட உறவு என்ட கதை அதுக்குள்ள இல்லை. உடலுறவு என்ட சொல்லை ‘அந்த மாதிரி’ என்டு இழுக்காமல் நேரே சொல்லுங்கோ. முதல் தரம் சிரிப்பினம், மூன்றாம் தரம் ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்.

மற்றது அந்த எலும்புக்கூடு. மருந்தே எடுக்காத ஆளுக்கும் எச்.ஐ.வி கிருமி தொற்றினதிலிருந்து எயிட்ஸ் நோய் வெளியில தெரியச் சராசரியாப் பத்து வருஷம் வரையில போகும். அது வரைக்கும் ஆள் நல்லா வலை இழுப்பார், கிரிக்கெட் விளையாடுவார். மருந்து எடுக்கிறவர் அதுக்குப் பிறகும் விளையாடுவார். எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகின பிள்ளை, கொழுகொழு என்டு இருக்கிறவனைக் கண்டா பயமில்லை என்டு நினைக்கும்.

அறுபது பேரை ஒன்டா இருத்தவும் வேண்டாம். பதினாறு, கூடினால் இருபது. 13–14 ஒரு பக்கம், 15–18 வேறொரு நாள்.

உவர்மலை | நவம்பர் 4, இரவு 10.32

எலும்புக்கூடு சேவையில இருந்து ஓய்வு பெறுகுது. ஓய்வூதியம் உண்டா அக்கா?

பழைய கிளினிக் | நவம்பர் 5, காலை 6.20

பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கும். மேசைக்கு விரியுங்கோ.

கேள்விக்கு வாறன். ‘கேள்வி இருக்கா’ என்டு கடைசியில கேட்டால் ஒரு கையும் எழும்பாது. தாய் பின்வரிசையில இருக்கேக்க எப்படி எழும்பும்? பெட்டி வையுங்கோ. ஏ4 தாளை நாலாக் கிழிச்சு ஆளுக்கு ரெண்டு துண்டு. எல்லாருக்கும் ஒரே நிறப் பேனை. கேள்வி இருக்கிறவையும் எழுதோணும், இல்லாதவையும் எழுதோணும்: கேள்வி இல்லாட்டி ‘இன்டைக்கு என்ன சாப்பிட்டன்’ என்டு ரெண்டு வரி. இந்த விதி இல்லாட்டி, எழுதின மூன்று பேரை மற்றவை எண்ணி வச்சிடுவினம். நிகழ்ச்சிக்கு ஒரு நாளைக்கு முன்னமே பெட்டியைச் சேருங்கோ. அப்பதான் ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்டாக்கி, பதில் தெரியாததை விசாரிச்சு வர நேரம் கிடைக்கும்.

கிண்ணியாப் பாலம் | நவம்பர் 5, மாலை 4.05

பெட்டி நல்லம், ஆனா அதைத் திறக்கிறது யார் என்டது முக்கியம். வகுப்பு டீச்சர் திறந்தா கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவா. பிள்ளைகளுக்கும் அது தெரியும், அதனால எல்லாத் துண்டிலயும் சோறும் கறியும்தான் வரும். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்காத ஆள் திறக்கட்டும். வாசிக்கக்குள்ள அவங்கட எழுத்துப் பிழையோட வாசிக்க வேணாம், கேள்வியத் திருத்திச் சொல்லுங்க. முடிஞ்ச பிறகு துண்டுகளை எரிச்சிருங்க. குப்பைக்கூடையில போட்டா அடுத்த நாள் வேற கையில இருக்கும்.

பெட்டியில கட்டாயம் வாற குழப்பம் ஒன்டு: எச்.ஐ.வி, எச்.பி.வி. 2017இல இருந்து தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு ஆறு மாச இடைவெளியில ரெண்டு ஊசி போடுறாங்கதானே, அது எச்.பி.வி என்ட வேற கிருமிக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயத் தடுக்க. பேர் ரெண்டும் காதுக்கு ஒன்டு மாதிரி. ‘நான் ஆறாம் ஆண்டில ஊசி போட்டுட்டன், எனக்கு எயிட்ஸ் வராது’ என்டு நம்புற பிள்ளைகள் இருக்காங்க. மறுபக்கம், அது எயிட்ஸ் ஊசி என்டு கேள்விப்பட்டு மகளைப் போட விடாத உம்மாமாரும் இருக்காங்க. ரெண்டு கிருமிட பேரையும் பலகையில மேலும் கீழுமா எழுதி, நடு எழுத்தச் சுத்தி வட்டம் போட்டுக் காட்டினா ரெண்டு நிமிஷத்தில முடியும். எச்.ஐ.விக்கு இன்னும் தடுப்பூசி இல்ல.

கரைவலை | நவம்பர் 6, இரவு 9.00

தாய்மாரை என்ன செய்யிறது ராத்தா? வேண்டாம் என்டு சொல்லேலாது.

கிண்ணியாப் பாலம் | நவம்பர் 6, இரவு 9.25

அவங்களுக்கு முந்தின கிழமை தனியா அரை மணித்தியாலம். பிள்ளைகளுக்குச் சொல்லப் போற அதே வசனங்களச் சொல்லிக் காட்டுங்க, ஒன்டையும் மறைக்காம. புதுசாக் கேக்கிற ஆக்கள்தான் எதிர்ப்பாங்க. பாதி வீட்டில தாய் வெளிநாட்டில, பிள்ளைய வளர்க்கிறது உம்மம்மா, அவங்களையும் கூப்பிடுங்க. கர்ப்பிணிக் கிளினிக்கில எச்.ஐ.விக்கு இரத்தம் எடுக்கிறது அந்தத் தாய்மார் நிறையப் பேருக்கு நடந்திருக்கும், ஏன் எடுத்தாங்க என்டு தெரிஞ்சிருக்காது. அதில இருந்து தொடங்கினா கதை லேசா வரும். இலங்கை 2019இல தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸ் என்ட பாலியல் நோயும் தொற்றுறதை ஒழிச்ச நாடு என்டு உலக சுகாதார நிறுவனத்திட சான்று வாங்கினதுக்கு அந்த இரத்தம்தான் காரணம்.

ஆய்வுகூடம் | நவம்பர் 7, இரவு 7.50

பேச்சு மட்டும் போனால் இருபதாவது நிமிஷத்தில நித்திரை. ஒரு செயற்பாடு சொல்லுறன், ஆலாத்திக் கணக்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும், அவ்வளவுதான் இரசாயனம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி, ஒரு லீற்றர் தண்ணி, மூடியுள்ள போத்தலில குலுக்கி இரவு முழுக்க விடுங்கோ. காலையில மேல தெளிஞ்சிருக்கிறதை மட்டும் ஊத்தி எடுங்கோ. திறந்து வைக்கக் கூடாது, காத்துப் பட்டால் மேல ஆடை மாதிரிப் படிஞ்சு பலம் குறையும். மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டியை 50 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில கரைச்சுத் துணியில வடியுங்கோ. தண்ணியில கரைச்சா தூள் அடியில போய் உக்காரும், நிறம் எடுபடாது. பதினாறு கோப்பை, பதினைஞ்சில சாதாரணத் தண்ணி 50 மில்லிலீற்றர், ஒன்டில சுண்ணாம்புத் தெளிவு. பார்த்தால் ஒன்டுக்கொன்டு வித்தியாசம் இல்லை. ஒவ்வொருத்தரும் ஒருத்தரோட முழுசாக் கலந்து, சரி பாதியாப் பிரிச்சு எடுக்கோணும். மூன்று சுற்று, மூன்று வேற ஆக்களோட. பிறகு கோப்பைக்கு அஞ்சு துளி மஞ்சள். ஒன்டு ரெண்டாகி, நாலாகி, எட்டு வரைக்கும் சிவக்கும். ஏற்கனவே கலந்த ரெண்டு பேர் தங்களுக்குள்ள கலந்தால் எட்டுக்குக் குறையும்.

இன்னும் ரெண்டு கோப்பையைப் பொலித்தீனும் இறப்பர் வளையமும் போட்டு மூடிக் குடுங்கோ. அவை முட்டலாம், கலக்கேலாது: அது ஆணுறை. ஒரு பிள்ளைக்குக் கலக்க மாட்டன் என்டு சொல்லச் சொல்லிக் காதுக்குள்ள சொல்லி விடுங்கோ. அந்த மூன்று கோப்பையும் மஞ்சளாகவே நிக்கும்.

ஆய்வுகூடம் | நவம்பர் 8, காலை 5.55

திருத்தம். ‘சாதாரணத் தண்ணி’ என்டு எழுதினது பிழை. கரையோரக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்புத் தெளிவு பட்ட உடனே பால் மாதிரிக் கலங்கும், தண்ணியின்ர கடினத்தால. மஞ்சள் போட முன்னமே யார் என்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், சிவப்பும் மங்கிப்போகும். கொதிக்க வச்சு ஆற விட்டு வடிச்ச தண்ணி பாவியுங்கோ. முதல் நாள் ஒரு கோப்பையில எட்டில் ஒரு பங்கு தெளிவு கலந்து, மஞ்சள் விட்டுப் பாருங்கோ. சிவந்தால் சரி. சிவக்காட்டி மஞ்சள் தூள்தான் சந்தேகம், இப்பத்தை விலைக்கு எதைத்தான் கலக்கமாட்டாங்கள். சுண்ணாம்புத் தெளிவு கண்ணில பட்டால் எரியும், கையைக் கழுவாமல் முகத்தைத் தொட விடாதேங்கோ.

கிண்ணியாப் பாலம் | நவம்பர் 8, மதியம் 1.10

தம்பி, குறை நினைக்க வேணாம். ‘கோப்பையில தண்ணி மாத்தினா எயிட்ஸ் வரும்’ என்டு ஒரு பிள்ளை வீட்ட போய்ச் சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க? ஒரே கோப்பையில குடிச்சா வராது என்டு பத்து நிமிஷத்துக்கு முந்தித்தான் சொல்லியிருப்பம். வெயிலுக்க வந்த பிள்ளைகள், கையில கோப்பை, குடிச்சும் போடுவாங்க.

உவர்மலை | நவம்பர் 8, மதியம் 1.14

ஆலாத்தி கவிண்டுது.

ஆய்வுகூடம் | நவம்பர் 8, மாலை 6.30

ஒத்துக்கொள்ளுறன். கோப்பை வேண்டாம். சோதனைக்குழாய், அது இல்லாட்டி மருந்துச் சின்னப் போத்தல், தண்ணியும் சுண்ணாம்புத் தெளிவும் பத்தில ஒன்டு. தொடங்க முன்னம் ஒரு வசனம்: ‘இது தண்ணியில்லை, விந்தும் யோனித் திரவமும் என்டு வச்சுக்கொள்ளுங்கோ.’ முடிஞ்ச பிறகு இன்னொன்டு: ‘உண்மையில ஒவ்வொரு முறையும் தொற்றும் என்டில்லை, ஆனா எந்த முறை தொற்றும் என்டு முன்கூட்டித் தெரியாது.’ முதல் போத்தல் யாரிட்ட இருந்தது என்டு கடைசி வரைக்கும் சொல்லாதேங்கோ. சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு அது பட்டப்பேர்.

பழைய கிளினிக் | நவம்பர் 8, இரவு 9.40

இன்னுமொரு சிக்கல் தம்பி. ஆலாத்தி சாமத்திய வீட்டில எடுக்கிற மங்கலப் பொருள். அதைக் கொண்டு வந்து நோய்க்கு உவமை சொன்னால் அம்மம்மாமார் முகம் சுருங்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில பினோப்தலீன் இருந்தால் அது மேல்: நிறமில்லாமல் இருந்து இளஞ்சிவப்பாகும், ஒரு சடங்கும் நினைவுக்கு வராது.

கரைவலை | நவம்பர் 10, இரவு 8.15

நுளம்புக் கேள்வி கட்டாயம் வரும். டெங்கு பரப்புது, மலேரியா பரப்பினது, ஏன் எச்.ஐ.வி மட்டும் இல்லை? ‘வராது’ என்டு சொன்னால் நம்பமாட்டினம்.

பழைய கிளினிக் | நவம்பர் 10, இரவு 9.05

நல்ல கேள்வி, காரணத்தோட சொன்னால்தான் ஒட்டும். நுளம்பு குத்தேக்க உள்ள விடுறது தன்ர எச்சிலை, முந்தி ஆரிட்டையோ குடிச்ச இரத்தத்தை இல்லை. டெங்குக் கிருமி நுளம்பின்ர வயித்தில பெருகி எச்சில் சுரப்பிக்கு ஏறும், அதால பரவும். எச்.ஐ.வி பெருகிறதுக்கு மனுஷன்ர இரத்தத்தில நோயை எதிர்க்கிற சி.டி.4 என்ட கலம் வேணும், நுளம்பில அது இல்லை. வயித்துக்குள்ளேயே செரிச்சுப் போகும். இதே வழியில மற்றதுகளையும் தட்டலாம்: மலசலகூடம், இருமல், கட்டிப்பிடிக்கிறது, ஒரே கிணத்தில குளிக்கிறது. நாலு திரவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கோ: இரத்தம், விந்து, யோனித் திரவம், தாய்ப்பால். குதவழி உறவாலயும் தொற்றும், 15க்கு மேல உள்ளவைக்கு அதையும் சேருங்கோ. அது உடலுறவு என்டே கணக்கில எடுக்காத பிள்ளைகள் இருக்கினம்.

உவர்மலை | நவம்பர் 12, காலை 7.40

எங்கட பக்கம் எச்.ஐ.வி என்ட சொல் வீட்டுக்குள்ள வாறதே வளைகுடாவுக்குப் போக எடுக்கிற மெடிக்கலோடதான். ‘பெயில்’ ஆனால் என்ன பெயில் என்டு ஊர் கதை கட்டும்.

பழைய கிளினிக் | நவம்பர் 12, இரவு 8.30

அதைப் பிள்ளைகளிட்டையும் பிரிச்சுச் சொல்லோணும். மெடிக்கலில எத்தனையோ பார்ப்பினம், நெஞ்சுப் படம், ஈரல் அழற்சி; பெயில் என்டால் எச்.ஐ.வி என்டு அர்த்தமில்லை. விசாவுக்கு எடுக்கிற சோதனை வேற, தனக்காகப் போய் எடுக்கிற சோதனை வேற. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில பாலியல் நோய்க் கிளினிக் இருக்கு, இலவசம், இரகசியம், வேற டொக்டரிட்டத் துண்டு வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. கால இடைவெளியையும் சொல்லுங்கோ: நேற்று நடந்ததுக்கு இன்டைக்கு இரத்தம் குடுத்தால் ஒன்டும் தெரியாது. ஆய்வுகூடச் சோதனைக்கு 45 நாள், விரல் குத்தி அல்லது எச்சிலில பார்க்கிற சோதனைக்கு 90 நாள் போனால்தான் ‘இல்லை’ என்டதை நம்பலாம். எச்சிலில பார்க்கிறதென்டால் எச்சிலால தொற்றுமா என்டு ஒரு பிள்ளை உடனே கேக்கும். அங்க தேடுறது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கின பிறபொருளெதிரியை, கிருமியை இல்லை.

கிண்ணியாப் பாலம் | நவம்பர் 15, மாலை 5.00

எல்லாம் தெரிஞ்ச பிள்ளையும் வாய் திறந்து ‘வேணாம்’ என்டு சொல்லப் பழகாட்டி பயன் குறைவு. பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வாற வசனங்கள் எல்லா ஊரிலயும் ஒன்டுதான்: ‘என்னில நம்பிக்கை இல்லையா’, ‘எப்படியும் கட்டத்தானே போறம்’, ‘ரீலோட் போட்டன், போன் வாங்கித் தந்தன், ஒரு படம் அனுப்ப மாட்டியா’. பெடியன்ட வசனத்த நடத்துற ஆள்தான் சொல்லணும். பிள்ளைகள்ள ஒருத்திக்குக் கொடுத்தா அவட பேர் கெட்டுப்போகும். எல்லாரும் சேர்ந்து, சத்தமா, மூன்று தரம் பதில் சொல்லட்டும். பதில் சின்னதா இருக்கணும். ‘நம்பிக்கை இருக்கு, விருப்பம் இல்ல.’ காரணம் சொல்லத் தொடங்கினா அந்தக் காரணத்த அவன் உடைப்பான், பிறகு அடுத்த காரணம். படம் கேக்கிறவனுக்குப் பதிலே எழுத வேணாம்.

பழைய கிளினிக் | நவம்பர் 16, இரவு 10.00

15க்கு மேல உள்ள குழுவுக்கு ரெண்டு ‘72 மணித்தியாலம்’ இருக்கு, கவனமாப் பிரியுங்கோ. பார்மசியில விக்கிற போஸ்டினோர் குளிசை கர்ப்பத்தைத் தடுக்க, உடலுறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள்ள. எச்.ஐ.வி தொற்றியிருக்கலாம் என்ட சம்பவத்துக்குப் பிறகு எடுக்கிற தடுப்பு மருந்து வேற, அதுவும் 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கோணும், எவ்வளவு முந்தினால் அவ்வளவு நல்லம், 28 நாள் விடாமல் குடிக்கோணும், பார்மசியில கேட்டு வாங்கிற சாமான் இல்லை, வைத்தியசாலைக்குப் போகோணும். எண் ஒன்டா இருக்கிறதால போஸ்டினோர் குடிச்சவள் எல்லாத்துக்கும் காவல் என்டு நினைப்பாள். கர்ப்பத்தடை ஊசி, கைத் தோலுக்குக் கீழ வைக்கிற கர்ப்பத்தடைக் குச்சி, ஒன்டும் எச்.ஐ.வியைத் தடுக்காது. இதில ரெண்டையும் தடுக்கிறது ஆணுறை மட்டும். தேங்காயெண்ணெய் பட்டால் இறப்பர் கிழியும், ரெண்டை ஒன்டுக்கு மேல ஒன்டாப் போட்டால் உராய்ஞ்சு கிழியும், வெயிலில நிக்கிற மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ வச்சது பழுது. அவ்வளவையும் வாயால சொன்னால் போதும், 13 வயசுக் குழுவுக்கு இது வேண்டாம்.

கரைவலை | நவம்பர் 20, இரவு 8.50

பெட்டியில ‘ஒருவர் எனக்கு இப்படிச் செய்யிறார்’ என்டு ஒரு துண்டு வந்தால்?

பழைய கிளினிக் | நவம்பர் 20, இரவு 9.15

சத்தமா வாசிக்கக் கூடாது, யார் என்டு சுத்திப் பார்க்கவும் கூடாது. அந்தத் துண்டை மட்டும் எரிக்க வேண்டாம். அப்படி ஒன்டு வந்தாலும் வராட்டியும் ரெண்டு குழுவுக்கும் ஒரே மாதிரிச் சொல்லி முடியுங்கோ: ஆரும் கட்டாயப்படுத்தினால் பிழை உங்களில இல்லை, 16 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையோட உடலுறவு, பிள்ளை சம்மதிச்சிருந்தாலும் குற்றம், 1929க்கு எடுக்கலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம். வன்முறை நடந்திருந்தால் முதல் போற இடம் ஆஸ்பத்திரி. பொலிசில முறைப்பாடு எழுதி முடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் அந்த 72 மணித்தியாலம் கரைஞ்சு போகும். பொலிசுக்கு ஆஸ்பத்திரியே அறிவிக்கும். பிறகு நீங்கள் அரை மணித்தியாலம் மண்டபத்தில கதிரை அடுக்கிற மாதிரி நில்லுங்கோ. சொல்ல வேண்டிய பிள்ளை கதிரை தூக்க வரும்.

உவர்மலை | நவம்பர் 28, காலை 6.10

மாரி தொடங்கிட்டுது, தகரக் கூரை மண்டபம் என்டால் மழைக்கு ஒருத்தர் பேச்சும் கேக்காது. ரகசியம் பேச நல்ல இடம், வகுப்பு நடத்த இல்லை. வேற நாள் ஒன்டையும் பதிஞ்சு வையுங்கோ.

கரைவலை | டிசம்பர் 3, இரவு 9.30

ரெண்டாவது குழு அடுத்த சனிக்கு மாறிட்டுது, மழைதான். பெட்டியில மிச்சமிருக்கிற ரெண்டு: எச்.ஐ.வி உள்ள ஆள் கலியாணம் கட்டி, பிள்ளை பெறலாமா? வீட்டில இருந்தால் அவரின்ர தட்டைத் தனியா வைக்கோணுமா?

பழைய கிளினிக் | டிசம்பர் 3, இரவு 10.05

முதலாவது: கட்டலாம், பெறலாம். மருந்தை நாள் தவறாமல் குடிச்சு, இரத்தத்தில கிருமி கண்டுபிடிக்க ஏலாத அளவுக்குக் குறைஞ்சு, ஆறு மாசம் அப்படியே நின்டால், உடலுறவால மற்றவருக்குத் தொற்றாது. மருந்து எடுக்காத தாய்மாரில நூற்றுக்கு 15இலிருந்து 45 பிள்ளைகளுக்குத் தொற்றும். எடுத்தால் அது 5க்குக் கீழ போகும். மருந்து கிளினிக்கில இலவசம்.

ரெண்டாவது: வேண்டாம். சாப்பிட்டால் கழுவி, மற்றத் தட்டுகளோட கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கோ.